ஒருத்திகூட விட்டுப் போகலைங்க

உக்காருங்கம்மா. அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க. பொண்ணு ஒர்க்‌ஷாப்பைப் பாத்துட்டு வரட்டும். பழனியப்பன் கூட்டிட்டுப் போயிருக்காரு, அவரு எங்க இன்ஸ்ட்ரக்டருதான், பயப்பட வேண்டியதில்ல. எல்லா மெஷினும் ஆஃப்லதான் இருக்கும்.

நீங்க கேட்டதுல தப்பே இல்லீங்க. அட்மிஷனுக்கு வர்றவங்க பாதிப் பேரு அந்தக் கேள்வியை வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டு, காப்பியைக் குடிச்சுப்போட்டு, யோசிச்சுச் சொல்றோம்னு எந்திரிச்சுப் போயிடறாங்க. அப்பறம் பாத்தா பக்கத்துக் காலேஜுல கம்ப்யூட்டர் சயின்ஸ். நீங்க நேராக் கேட்டுட்டீங்க. "கோகிலவாணின்னு ஒரு பொண்ணு மெக்கானிக்கல்ல இருந்து பாதியில போயிருச்சாமே, ஏனுங்க மேடம்?"னு. யாரு சொன்னாங்க, பஸ்ஸுலயா? பஸ்ஸுல சொல்லத்தான் செய்வாங்க. நடந்தது கொஞ்சம், நடக்காதது மிச்சம். நான் சொல்றேன், கேளுங்க. எனக்கு மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. சொல்லப்போனா அந்த விஷயத்துல அடிபட்டவளே நான்தான்.

என்ற பேரு சம்பூர்ணம். டாக்டர் சம்பூர்ணம்னு வெளிய போர்டு பாத்திருப்பீங்க. இந்த டிபார்ட்மெண்ட்டுல ஒரே லேடி புரொஃபசர் நான்தான். நான் படிக்கறப்ப எங்க கிளாஸுக்கே நான் ஒருத்திதான் பொண்ணு. பெஞ்சுல என்ற பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. மத்தியானம் மாடிப்படிக்குக் கீழ உக்காந்து சாப்புடுவேன். போர்டுல என்ற பேரை எழுதி அசிங்கமாப் படம் போட்டு வெச்சிருப்பாங்க, வாத்தியாரு வந்து சிரிச்சுக்கிட்டே அழிப்பாரு. நான் ஒரு வார்த்தை பேசினதில்லீங்க. தலையைக் குனிஞ்சு போவேன், தலையைக் குனிஞ்சு வருவேன். பேசாம இருந்ததாலதான் இன்னிக்கு இந்தச் சேர்ல உக்காந்திருக்கறேன். இதை எத்தனை புள்ளைங்களுக்குச் சொல்லியிருப்பேன்!

அப்பறம் ஒரு நாளு சேர்மன் கூப்பிட்டாரு. "மேடம், மெக்கானிக்கல்ல சேர்ற பொண்ணுங்க எல்லாம் முதல் வருஷம் முடியறதுக்குள்ள வேற கோர்ஸுக்கு மாத்திக்கிட்டு ஓடிடறாங்க. இன்ஸ்பெக்‌ஷன்ல கேக்கறாங்க. இனி ஒருத்திகூட விட்டுப் போகக் கூடாது. நீங்க பொறுப்பெடுத்துக்குங்க"ன்னாரு. யாரு செய்வா இந்த வேலையை? சம்பளத்துல சேராத வேலை. நான் தலை மேல இழுத்துப் போட்டுக்கிட்டேன். என்ற புள்ளைங்கன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்.

முதல்ல பாத்ரூம். இந்த பிளாக்குல லேடீஸுக்குன்னு பாத்ரூமே கெடையாதுங்க. ஆபீஸ் பிளாக் வரைக்கும் வெய்யில்ல நடக்கணும். புள்ளைங்க தண்ணியே குடிக்காம உக்காந்திருக்கும். நானும் அப்படித்தான் வருஷக்கணக்கா இருந்தேன், அந்த உபாதை இன்னும் எனக்கிருக்குது. சண்டை போட்டுக் கட்ட வெச்சேன். சாவி இந்த டிராயர்லதான் இருக்கும். எந்நேரமும் வந்து கேட்டு வாங்கிக்கலாம்.

அடுத்தது பிராக்டிகல். பசங்களோட சேத்துப் போட்டா மெஷினை அவனுங்க புடிச்சுக்குவாங்க, பொண்ணுங்க ஓரமா நின்னு ரீடிங் எழுதிக்கிட்டிருக்கணும். அது அநியாயமில்லீங்களா? அதனால பொண்ணுங்களுக்குன்னு தனி பேட்ச் கேட்டு வாங்கினேன். பழனியப்பனே மெஷினை ஓட்டிக் காட்டுவாரு. இவங்க பத்திரமா சேர்ல உக்காந்து பாத்து எழுதிக்கலாம். பசங்க கார் ஃபேக்டரி பாக்கறதுக்குப் புனே போனாங்க. அவ்வளவு தூரம் வயசுப் புள்ளைங்களை எப்படிங்க தாட்டி விடறது? நானே எல்லாத்தையும் பால் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கயும் மெஷின் இருக்குதுங்களே. ஆளுக்கொரு ஐஸ்கிரீம் குடுத்தாங்க. வாரா வாரம் பெத்தவங்களுக்கு நானே போன் பண்ணி, உங்க பொண்ணு இன்னாரோட பேசறா, இன்னாரோட பேசறதில்லைன்னு சொல்லிருவேன். எந்தக் காலேஜுல இதெல்லாம் செய்யறாங்க?

அப்படி இருக்கறப்பதான் கோகிலவாணி வந்து சேந்தா.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஊரு. அவங்கப்பா ராசப்பன் போர்வெல் ரிக் லாரி வெச்சிருக்காரு, வருஷத்துல முக்காவாசி ஆந்திரா, ஒடிசான்னு சுத்தற ஆளு. ஊட்டுக்குப் பக்கத்துலயே ரிக்குக்கு பாடி கட்டற பட்டறை. இந்தப் புள்ள அங்கயே வளந்திருக்குது. நல்ல ஒசரம். முழங்கை வரைக்கும் பொட்டுப் பொட்டா தழும்பு. சேந்த அன்னைக்கு அம்மை போட்டதா கண்ணுன்னு கேட்டேன். "இல்லீங் மேடம், பத்த வெக்கறப்ப பொறி தெறிச்சது"ன்னா. வெல்டிங்கைத்தான் சொல்றா. எனக்கு திக்குன்னு ஆயிருச்சு.

முதல் ஒர்க்‌ஷாப் கிளாஸ்லயே எந்திரிச்சு நிக்கறா. "அண்ணா, நாங்க எப்பங்க ஓட்டறது?"

பழனியப்பன் என்னைப் பாக்கறாரு. நான் சொன்னேன், கண்ணு, லேத்துல துப்பட்டா சுத்தும், சடை சிக்கும், நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா உங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றதுன்னு. அவ உக்காந்துட்டா. சொன்னாக் கேட்டுக்கற புள்ளைன்னு நெனச்சேன்.

அடுத்த கிளாஸுக்கு வந்து நிக்கறா பாருங்க! முடியை ஒட்ட வெட்டிப்போட்டு, பேண்டும் காலர் சட்டையுமா. "துப்பட்டா இல்லீங் மேடம், சடையும் இல்ல. இப்ப ஓட்டலாங்களா?"

அவளோட சேந்த மத்த மூணு புள்ளைங்களும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாங்க. பழனியப்பனும் சிரிச்சாரு, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டாரு. நான் அங்கயே அவங்கப்பாவுக்கு போனைப் போட்டேன். பெத்த மனசு துடிச்சுப் போகும்னு பாத்தா அந்த மனுசன், "மசுருதானுங்க மேடம், வளந்துக்கும். மெஷினைத் தொட விடுங்க, அதுக்குத்தான சேத்தியிருக்கறோம்"ங்கறாரு. இப்படி ஒரு அப்பன் இருந்தா புள்ள எப்படிங்க உருப்படும்?

இருந்தாலும் நான் அந்தப் புள்ளையை வெறுக்கல. நெம்பக் கெட்டிக்காரி. அதைச் சொல்லோணும். பரீட்சையிலயும் முதல் மார்க்கு. அதனாலதான் இவளை எப்படியாச்சும் கரை சேத்தோணும்னு எனக்கு அவ்வளவு வெசனம்.

ரெண்டாம் வருஷத்துல இந்த வண்டி வந்து சேந்துது. பக்கின்னு சொல்லுவாங்க. ஒத்தை ஆளு உக்காந்து கரடுமுரடான மண்ணுல ஓட்டற வண்டி. பசங்களே சேந்து செஞ்சு, கோயமுத்தூர்ல போட்டிக்குக் கொண்டு போவாங்க. கேப்டன் ஹரிபிரசாத்னு ஒரு பையன், நல்ல பையன். அவன்தான் என்ற கிட்ட வந்து, "மேடம், கோகிலவாணியை டீம்ல போடுங்க. அவ பத்த வெச்சா கோடு போட்ட மாதிரி இருக்குது. எங்களுக்கு அப்படி வரல"ன்னான். எனக்கும் பெருமைதான். சேர்மனும், டீம்ல ஒரு பொண்ணு இருந்தா போட்டோ எடுத்து பேனர் வைக்கலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீங்க வர்றப்ப டோல்கேட்டுகிட்ட பெரிய போர்டு பாத்திருப்பீங்களே, ஒரு பொண்ணு முகமூடியைத் தலைக்கு மேல தூக்கி விட்டுக்கிட்டு, கையில வெல்டிங் ஹோல்டரோட சிரிச்சுக்கிட்டு நிக்கும், அது அவதான். இன்னும் எடுக்கலீங்க. நல்ல படம் அது.

ஆனா பேப்பர்ல அவளுக்கு நான் ரிப்போர்ட் வேலைதான் போட்டேன். ரிப்போர்ட், படம், பேச்சு. பொண்ணுங்களுக்கு அதுதான் பாதுகாப்பு. அவ என்னடான்னா சாப்பாட்டு நேரத்துல, ரெண்டு கிளாஸுக்கு நடுவுலன்னு ஷெட்டுக்கு ஓடி ஓடிப் போய் வண்டியோட இரும்புக் கூடு மொத்தத்தையும் பத்த வெச்சிருக்கறா. சோறு திங்காம. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துட்டேன். அவ்வளவு விட்டுக் குடுத்தேன்.

பிரச்சனை வந்தது கேட்டுலதான். லேடீஸ் ஹாஸ்டல் கேட் பொழுதோட ஆறு மணிக்குப் பூட்டிருவோம். நானேதான் கொண்டு வந்தேன், முன்னால ஏழரையா இருந்துது. பசங்களுக்கு வேற. பசங்க எந்நேரம் வந்தாலும் யாரு கேக்கப் போறாங்க? ஷெட்டுல வேலை ஆரம்பிக்கறதே கிளாஸ் முடிஞ்சப்பறம்தான். இவ வந்து, எட்டு மணி வரைக்கும் விடுங்க மேடம், வேணும்னா நீங்களும் வந்து உக்காருங்கங்கறா. நான் எங்கிருந்துங்க உக்கார்றது, எனக்கும் குடும்பம் இல்லீங்களா? முடியாதுன்னுட்டேன். சரிங்க, விடியால தொறங்கங்கறா. விடியால யாரு காவல் இருக்கறது? அதுக்கும் முடியாதுன்னுட்டேன்.

அதுக்கு என்ன சொன்னா தெரியுங்களா? மெஸ்ஸுல அத்தனை புள்ளைங்களுக்கு முன்னால சொல்றா. "பசங்களால எங்களுக்கு ஆபத்துன்னா, பசங்களை ஆறு மணிக்கு உள்ள வெச்சுப் பூட்டிருங்க மேடம். நாங்க போய் வேலையைப் பாக்கறோம்."

மெஸ்ஸே சிரிச்சுதுங்க. சமையல்காரம்மா கூட சிரிச்சா. அன்னைக்கு ராத்திரி நான் சாப்புடல.

போட்டிக்கு ரெண்டு நாளு இருக்கறப்ப வண்டியில சீட்டு உயரம் சரியில்லைன்னு சொல்லி, சீட்டைப் புடிச்சிருக்கற பட்டையெல்லாம் அறுத்து வேற இடத்துல பத்த வெக்க வேண்டியதாப் போச்சு. பகல்ல பரீட்சை. பொழுதோடதான் செய்ய முடியும். அவ என்ற ரூமுக்கு வந்து நின்னா. "இன்னிக்கு ஒரு நாளு மட்டும் மேடம். சீட்டு பெல்ட்டு அந்தப் பட்டையிலதான் மாட்டியிருக்குது. அது புடுங்குனா ஆளு போயிருவான். நான் வெச்சுக் குடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

நான் விதியை மீறுனா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. நானே ஹாஸ்டல் கேட்டுல போய் நின்னேன். வாட்ச்மேனை நம்பல. சாப்புடாமக் கெடக்கறாளேன்னு தயிர்சோறு கூட ஒரு டப்பாவுல வாங்கிட்டுப் போய்க் குடுத்தேன். தொடவே இல்ல. கேட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு ஹரிகிட்ட போன்ல பேசிக்கிட்டே இருந்தா. "அவசரப்படாத. கரண்ட்டை ஏத்து. துருவைச் சொரண்டிப்போட்டு வெய்யி. மேலாப்பல புடிக்குது, உள்ள எறங்கல, சத்தத்துலயே தெரியுது ஹரி." எனக்கு என்ன புரியுது அதெல்லாம்? புள்ள பத்திரமா உள்ள இருக்கறா, அது போதும்னு நிம்மதியா ஊட்டுக்குப் போனேன்.

போட்டி அன்னைக்கு நாலு பொண்ணுங்களையும் நானே காலேஜ் பஸ்ஸுல கூட்டிட்டுப் போனேன், வேடிக்கை பாக்கறதுக்கு. எறங்குன உடனே இவ வண்டிக்கு அடியில படுத்துட்டா, அத்தனை ஜனத்துக்கு முன்னால, மண்ணுல. எந்திரிச்சு வந்தவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. "இது நிக்காது. ஓட்டாத ஹரி"ங்கறா. அவன் எச்.ஓ.டி. தங்கவேலு சாரைப் பாக்கறான். சாரு வாட்ச்சைப் பாக்கறாரு. "பொண்ணு பயப்படுது, விடுப்பா, நம்ம முறை வந்துருச்சு"ன்னாரு. இவ சாரு கையைப் புடிக்காத குறையா, "சார், ஒரு அரை மணி நேரம் குடுங்க, இங்கயே வெல்டிங் செட்டு இருக்குது, நான் மாத்திடறேன்"னு கெஞ்சறா. வேற காலேஜுக்காரங்க எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. எனக்கு மானம் போகுது. நான் அவ தோளைப் புடிச்சு இந்தப் பக்கம் இழுத்து, "வாயை மூடு கண்ணு, எல்லாரும் பாக்கறாங்க"ன்னேன்.

மூடிட்டா. அதைச் சொல்லோணும், அன்னைக்கு நான் சொன்னதும் மூடிட்டா.

மூணாவது மேட்டுல வண்டி ஏறி எறங்குனப்ப சீட்டு புடுங்கிருச்சுங்க. ஹரி பெல்ட்டோட, சீட்டோட பறந்து போய் விழுந்தான். காறை எலும்பு ரெண்டாப் போச்சு. வலது கை இன்னும் தோளுக்கு மேல ஏறாது. உயிருக்கு ஒண்ணுமில்ல, அந்த மட்டும் சாமி காப்பாத்துச்சு. நாங்க எல்லாம் கத்தறோம். இவ கத்தல. ஓடிப் போய் வண்டிகிட்ட நின்னு அந்தப் பட்டையைக் கையில எடுத்துப் பாக்கறா. பையன் கெடக்கறான், இவ இரும்பைப் பாக்கறா. எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கன்னு நெனச்சேன்.

விசாரணை வெச்சாங்க. இங்கதான் நீங்க கவனமாக் கேக்கோணும். பையனோட ஊட்டுக்காரங்க பெரிய இடம். யார் மேலயாச்சும் சொல்லியாகணும். பத்த வெச்சது யாருன்னு கேட்டா டீம் பூராவும் கோகிலவாணின்னுதான் சொல்லும், எல்லாத்துக்கும் தெரியும். தங்கவேலு சாரு அதைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருந்தாரு. நான் விடுவனுங்களா? முந்தின நாளே கமிட்டியில எழுதிக் குடுத்துட்டேன், பொண்ணுங்க யாரும் இரும்பைத் தொடவே இல்ல, ரிப்போர்ட் மட்டும்தான் எழுதுனாங்க, அதுக்கு நான் பொறுப்புன்னு. அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கண்ணு, நீ ஒண்ணும் பேசாத. நான் வெல்டிங் செய்யலைன்னு ஒரு வார்த்தை சொல்லு, இல்லைன்னா தலையை மட்டும் ஆட்டு. உன்னைக் காப்பாத்திட்டேன்."

என்னையே பாத்துக்கிட்டு நின்னா.

கமிட்டி ரூமுல தங்கவேலு சாரு கேக்கறாரு, "நீ ரிப்போர்ட் மட்டும்தான எழுதுன?"ன்னு.

"இல்லீங் சார். வண்டிக் கூடு பூராவும் நான் பத்த வெச்சதுதான். வெளிய நிக்குது வண்டி, சம்மட்டி எடுத்து அடிச்சுப் பாருங்க, ஒரு எடம் விடாது. சீட்டுப் பட்டை மட்டும் என்னுது இல்ல. அதை வெக்கறதுக்குப் போனவளை மேடம் கேட்டுல நிறுத்திட்டாங்க. போட்டி அன்னைக்கு ஓட்டாதீங்கன்னு சொன்னேன். வாயை மூடுன்னாங்க."

அத்தனை பேருக்கு முன்னாலங்க! முதல்வரு, சேர்மனோட தம்பி, வெளியிலருந்து வந்த ஒருத்தரு. நான் கண்ணுல தண்ணி வந்து உக்காந்திருக்கறேன். யாருக்காகப் பொய் சொன்னேன்? அவளுக்காக.

சாரு சொல்றாரு, "நீ வெல்டிங் செஞ்சதா எந்த ரெக்கார்டும் இல்லம்மா"ன்னு.

அதுக்கு அவ, "டோல்கேட்டுல போர்டு வெச்சிருக்கீங்களே சார், அதுல கையில என்னத்தைப் புடிச்சிருக்கறேன்?"

"அது விளம்பரம்"னாரு சாரு.

அவ சிரிச்சா. அழுதிருந்தாக் கூட மன்னிச்சிருப்பாங்க.

கடைசியில யாருக்கும் தண்டனை இல்ல. டீமைக் கலைச்சுட்டாங்க, ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டாச்சு. இவளுக்கு மட்டும் ஒரு வார்னிங், அனுமதியில்லாத இடத்துல இருந்ததுக்கு. அதையும் தன்மையா வாங்கிக்கிட்டிருக்கலாம். "வார்னிங் குடுங்க சார், வாங்கிக்கறேன். ஆனா கூடு என்னோட வேலைன்னு எழுதுங்க. நாளைக்கு நான் வேலைக்குப் போனா காட்டறதுக்கு எனக்கு அது ஒண்ணுதான் இருக்குது"ன்னா. எழுதுனா, ஒரு பொண்ணை அங்க வேலை செய்ய விட்டதைக் காலேஜே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். எப்படிங்க எழுதறது? பொண்ணுங்க ரிப்போர்ட் மட்டும்தான் எழுதுனாங்கன்னு நான் எழுதிக் குடுத்ததுதான் நின்னுது. ரெண்டு நாள்ல பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கல.

பையன் கட்டுப் பிரிச்சுட்டு வந்தவன், அவனாச்சும் நெனச்சுப் பாப்பான்னு இருந்தேன். வந்து நின்னு, "அன்னைக்கு அவளை ஒரு ரெண்டு மணி நேரம் விட்டிருக்கலாம் மேடம்"ங்கறான். எல்லாத்துக்கும் நான்தான் கெடைச்சேன்.

நான் அப்படியே விட்டுரலீங்க. எந்த புரொஃபசராச்சும் போவாங்களா, நான் அவளைத் தேடி ஊருக்கே போனேன். பட்டறைக்குள்ள ஒரு ரிக் லாரி நிக்குது, அது மேல ஏறி நின்னு பத்த வெச்சுக்கிட்டிருக்கறா. ராசப்பன் அப்ப ஊர்லதான் இருந்தாரு. சேர் போட்டு, மோர் குடுத்தாரு. மரியாதையில குறைவில்ல. இவ எறங்கி வந்து, "வாங்க மேடம்"னா. அவ்வளவுதான்.

நான் சொன்னேன், "கண்ணு, நடந்தது நடந்துருச்சு. வந்துரு. அட்டெண்டன்ஸ் நான் பாத்துக்கறேன். நான் யார் மேலயும் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல."

"வந்தா ஷெட்டைத் தொறப்பீங்களா மேடம்?"

"ஷெட்டு எதுக்கு கண்ணு உனக்கு? இன்னும் ரெண்டு வருஷம். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா டிகிரி. நான் வாங்கல?"

அவ கையில இருந்த கையுறையைக் கழட்டிக்கிட்டே, மரியாதையாத்தான் கேட்டா, அதைச் சொல்லோணும். "நீங்க படிக்கறப்ப லேத் ஓட்டுனீங்களா மேடம்?"

என்ன கேள்வி பாருங்க! எனக்கு ஒர்க்‌ஷாப்ல யூனிவர்சிட்டியிலயே நல்ல மார்க்கு. என்ற ரெக்கார்டைத்தான் அடுத்தடுத்த வருஷத்துப் பசங்களுக்கு மாதிரின்னு காட்டுவாங்க. ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. படமெல்லாம் அச்சுல அடிச்ச மாதிரி இருக்கும். அதைச் சொன்னேன். ராசப்பன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு, எதுக்குன்னு தெரியல. இவ அந்த ஹோல்டரை என்ற பக்கம் நீட்டுனா. "ஒருக்காப் புடிச்சுப் பாருங்க மேடம். நான் பக்கத்துல நிக்கறேன். ஒண்ணும் ஆகாது."

நெசமாத்தான் நீட்டுனா. கேலி மாதிரி இல்ல.

கை நீளப் பாத்துதுங்க. அப்பறம் சேலை புதுசு, பொறி பட்டுரும்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டேன்.

திரும்பி வர்ற வழியெல்லாம் எனக்கு அழுகையா வந்துது. ஏன்னு தெரியல. இவ வாழ்க்கை வீணாப் போகுதேன்னு இருக்கும். வேற காலேஜுல கேட்டுப் பாத்திருக்கறா. விசாரணையில மாட்டுன பொண்ணான்னு யாரும் சேத்துக்கலையாம். இப்பவும் அந்தப் பட்டறையிலதான் இருக்கறா. இஞ்சினியரா ஆகியிருக்க வேண்டிய புள்ள, வெய்யில்ல நின்னு அடுத்தவன் ரிக்குக்குப் பத்த வெச்சுக்கிட்டிருக்கறா. எல்லாம் அந்த வாயால வந்தது. நான் ரெக்கார்டுல, குடும்பச் சூழ்நிலை காரணமாப் போனான்னுதான் எழுதியிருக்கறேன். அவ பேரு கெடக் கூடாதில்லீங்களா?

மத்த மூணு பேரும் நான் சொன்னபடி இருந்தாங்க. இந்த வருஷம் நல்லபடியா முடிச்சு வெளிய போயிட்டாங்க. ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிருச்சு. ஒருத்தி பேங்க் பரீட்சைக்குப் படிக்கறா. இன்னொருத்தி ஈரோட்டுல ஒரு ஜவுளிக்கடையில பில்லிங் பாக்கறா. மெக்கானிக்கல் வேலைங்களா? அதெல்லாம் பசங்களுக்கே கஷ்டமுங்க. டிகிரி கையில இருக்குதில்ல, அதை யாராலயும் புடுங்க முடியாது.

அதுக்கப்பறம் நான் இன்னும் கெட்டிப்படுத்திட்டேன். கேட் இப்ப அஞ்சரைக்கு. ஒர்க்‌ஷாப்புல பொண்ணுங்க உக்கார்ற எடத்துக்கும் மெஷினுக்கும் நடுவுல கம்பி வெச்சு அடைச்சாச்சு. ஷெட்டைப் புத்தக அலமாரி வெக்கற ரூமா மாத்தியாச்சு. இன்ஸ்பெக்‌ஷன்ல வந்தவங்க கூட, எங்க டிபார்ட்மெண்ட்டுல ரெண்டு வருஷமா ஒருத்திகூட விட்டுப் போகலைன்னு எழுதிக்கிட்டுப் போனாங்க. சேர்மன் சால்வை போத்துனாரு. அந்தா, அந்தப் போட்டோதான்.

என்ன கேட்டீங்க? இப்ப எத்தனை பொண்ணுங்க இருக்கறாங்களா?

அது... இப்போதைக்கு யாருமில்லீங்க. போன வருஷமும் சேரல, அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் சேரல. பஸ்ஸுல பேசறாங்கன்னு நீங்களே சொன்னீங்களே. உங்க பொண்ணு சேந்தா அவ ஒருத்திதான்.

ஏங்க எந்திரிச்சுட்டீங்க? ஒருத்தியா இருக்கறது நல்லதுங்க. நான் இருக்கலையா? நாலு பேரு இருந்தா என்னால நாலு பக்கம் பாக்க முடியல. இப்ப அப்படி இல்ல. காலையில கேட்டுல நுழைஞ்சதுலருந்து பொழுதோட பூட்டற வரைக்கும் என்ற ரெண்டு கண்ணும் உங்க பொண்ணு மேலயேதான் இருக்கும்.